முப்பதடி அம்மனும் நூற்றிருபத்தெட்டு ஜிபியும்

குமுதா வீட்டு வாசலில் கூரியர் வேன் வந்து நின்றது காலை பத்தேகாலுக்கு. பத்தரைக்கெல்லாம் அது சுகுமாறனுக்குத் தெரிந்துவிட்டது. இடைப்பட்ட கால் மணி நேரமும் நான் என் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் இதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

எங்கள் தாமான் குடியிருப்பு கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து பத்து நிமிடம். வரிசை வீடுகள், பின்னால் செம்பனைத் தோட்டம், முன்னால் தார்ச்சாலை. என்னுடையது நடு வீடு. இடது சுவருக்கு அந்தப் பக்கம் சுகுமாறனும் அவர் மனைவி கலாவதியும். வலது சுவருக்கு அந்தப் பக்கம் குமுதா. வீடு கட்டியவன் சுவரில் சிமெண்டு மிச்சம் பிடித்துவிட்டான். காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. பேச்சு தானாக இந்தப் பக்கம் வந்து விழும்.

சுகுமாறனுக்கு வீட்டு முன்னறைதான் கடை. கல்யாண ஆல்பம், பிறந்தநாள் பேனர், நினைவஞ்சலி அட்டை என்று கணினியில் படம் சம்பந்தப்பட்ட எல்லாம் செய்வார். ஆனால் அவருக்கு உயிர் எதுவென்றால், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா பேனர். பெரிய சாலைச் சந்திப்பில் பன்னிரண்டு வருடமாக அவர் செய்ததுதான் தொங்கும். வலது மூலையில் 'வடிவமைப்பு: சுகுமாறன்' என்று இருக்கும். அந்த எழுத்து வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வருவதை நான் மட்டும்தான் கவனித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அது லேசான வேலை இல்லை. நடுவில் அம்மன். ஒரு பக்கம் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி., அவருக்கு அடுத்த அளவில் கோயில் தலைவர். கீழே செயலவை உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேரின் தலைகளும் முட்டைத் தட்டில் அடுக்கியதுபோல் வரிசையாக. யார் தலை யார் தலையைவிடப் பெரிது என்பதற்குக் கோயிலில் தனியாக ஒரு கூட்டமே நடக்கும். அதெல்லாம் முடிந்து படங்கள் கைக்கு வந்ததும் சுகுமாறன் இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒரு தலையை நகர்த்திவிட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "பெரிய வேல. யோசிக்குது," என்பார். கலாவதி கோப்பி கலக்கிக்கொண்டு போவாள். எங்கள் வரிசையே அந்த இரண்டு நாளும் மெதுவாகத்தான் பேசும்.

குமுதா போன வருடம்தான் எங்கள் வரிசைக்கு வந்தாள். ராசாவில் பிறந்தவள். ரவாங்கில் ஒரு பேனர் அச்சுக்கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். புருஷன் கணேஸ்வரனுக்கு இந்தப் பக்கம் மாற்றல் கிடைத்ததும், சன்னல் ஓரம் ஒரு மேசையைப் போட்டு வீட்டிலேயே தொழிலை ஆரம்பித்துவிட்டாள். வந்த புதிதில் சுகுமாறன் அவளிடம் நன்றாகத்தான் பேசினார். அவளும் படம் வேலைதான் செய்கிறாள் என்று தெரிந்த பிறகு, தலையாட்டுவது மட்டும். தைப்பூசத்துத் தண்ணீர்ப் பந்தல் போஸ்டரை அவள் அரை நாளில் முடித்துக் கொடுத்த பிறகு அதுவும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கோயில்காரர்கள் தங்கள் திருவிழாவுக்கு இருபத்தைந்து அடி பேனர் கட்டினார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் கோயில் தலைவர் நடராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. லோரி வைத்திருப்பவர், அளவில் யாருக்கும் குறைந்து போக மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

"சுகு, இந்த வருசம் முப்பது அடி. ஒயரம் பத்து."

"செஞ்சிரலாம் தலைவரே. என்ன, ரெண்டு நாள் வேல நாலஞ்சு நாளாகும்."

"அந்தக் குமுதா புள்ள எல்லாத்தையும் அர நாள்ல முடிக்குதே?"

"அது போஸ்டரு தலைவரே. கைக்குட்ட அளவு."

"அதுகிட்டயும் சொல்லியிருக்கேன் லா. கோவிச்சுக்காத. அடுத்த வாரம் வியாழக்கெழம, சாயந்திரம் அஞ்சு மணி. யாரு பைல் மொதல்ல சுத்தமா கைக்கு வருதோ அதுதான் ஜங்ஷன்ல ஏறும்."

கேட் மூடியது மட்டும் கேட்டது. வழக்கத்தைவிடச் சத்தமாக.

இதற்கு மறுநாள்தான் கூரியர் வேன்.

"சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியா?" என்று சுகுமாறன் வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார்.

"கையில அடங்குற பெட்டி."

"அப்ப மெமரிதான்," என்றார். முகம் புளிக்குழம்பில் விழுந்தது போலாகிவிட்டது. "அக்கா, நீங்க சும்மா போற மாதிரி போயி..."

முடிக்கக்கூட விடவில்லை நான். கறிபாப் சுட்டுவைத்திருந்தேன், நாலை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

குமுதாவின் கணினியைப் பார்த்தால் அதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றும். கறுப்புத் தகரப் பெட்டி. ஒரு பக்கத்து மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு இரண்டு பச்சைப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"பதினாறு இருந்துச்சுக்கா. இன்னொரு பதினாறு வாங்கிச் செருகுனேன். மொத்தம் முப்பத்திரண்டு," என்றாள் கறிபாப்பைக் கடித்துக்கொண்டே.

"அது என்ன பண்ணும்?"

"தோசக்கல்லு மாதிரிக்கா. கல்லு பெருசா இருந்தா ஒரே நேரத்துல நாலு தோச ஊத்தலாம். சின்னக் கல்லுல ஒண்ண எடுத்தாத்தான் இன்னொண்ணு." அப்புறம் சுவர்ப்பக்கம் கண்ணைக் காட்டினாள். "அண்ணனுக்கு எத்தன ஜிபின்னு சொல்லுவீங்கல்ல? மறந்துறாதீங்க. முப்பத்திரண்டு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் இரண்டு மாம்பழம் வைத்துக் கொடுத்தாள், அதனால் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கலாவதி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இவரு கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போறாராம். தனியா விட்டா கடையையே தூக்கிட்டு வந்துருவாரு. கூட வாங்களேன்."

பட்டணத்தில் இஸ்கந்தரின் கணினிக்கடை. இஸ்கந்தர் பொறுமையான மனிதர். விற்பதற்கு முன்னால் என்ன வேலைக்கு என்று கேட்கிற வியாபாரி. அதனாலேயே கடை பெரிதாகவில்லை என்று அவர் மனைவி மரியம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"என்ன வேலண்ணே செய்யப் போறீங்க?"

"குமுதா இங்கதான வாங்குது?"

"ஒருத்தர் வாங்குனத இன்னொருத்தர்ட்ட நான் சொல்றதில்லண்ணே. உங்க வேலயச் சொல்லுங்க."

"படம்தான். பெரிய படம். முப்பது அடி. முப்பத்திரண்டுக்கு மேல எது?"

இஸ்கந்தர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். படம் திருத்துகிற வேலைக்கு முப்பத்திரண்டு ஜிபி நல்லா ஓடும், பெரிய வேலைக்கு அறுபத்து நாலு. அதைவிட முக்கியம், வேகமான வட்டு ஒன்று தனியாக வேண்டும். மெமரி நிரம்பியதும் கணினி மீதியை அங்கேதான் கொட்டி வைக்கும். "உங்க பழைய வட்டுல எடம் எவ்ளோ மிச்சம் இருக்குண்ணே?"

"இருக்கு, இருக்கு," என்றார் சுகுமாறன். பன்னிரண்டு வருடத்துக் கல்யாணமும் அதற்குள்தான் இருக்கிறது என்று கலாவதி என் காதில் சொன்னாள்.

"அப்புறம் மானிட்டர். நெறத்த ஒழுங்கா காட்டுறதா ஒண்ணு எடுங்க. உங்களோடதுல செவப்பு எல்லாம் ஆரஞ்சா அடிக்கும்னு நெனைக்கிறேன்."

ஆனால் சுகுமாறனின் கண் எப்போதோ கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பெட்டி. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே மூன்று விசிறி, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் எரிந்தது. மெமரிப் பட்டைகள்கூட வானவில்லாக ஓடின.

"அது கேம் வெளையாடுறவங்களுக்குண்ணே. அந்த கிராபிக்ஸ் கார்டு விலைக்கு நான் சொன்ன வட்டையும் மானிட்டரையும் ரெண்டையும் வாங்கிரலாம்."

"சன்னல்ல வெச்சா வெளியத் தெரியுமா?" என்று கேட்டார் சுகுமாறன்.

இஸ்கந்தர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அறுபத்து நாலு ஜிபி, கண்ணாடிப் பெட்டி, விளையாட்டுக்காரர் கார்டு. வட்டும் மானிட்டரும் மட்டும் பழையதே. கலாவதிக்குத் துணி துவைக்கும் மிஷின் வாங்குவதாக இருந்தது; வரும் வழியில் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயந்திரம் சுகுமாறன் வீட்டுச் சன்னலில் சிவப்பு, நீலம், பச்சை. கோயில் அலங்காரம் முன்கூட்டியே வந்ததுபோல் இருந்தது. குமுதா துணி எடுக்க வெளியே வந்தவள் அப்படியே நின்றாள்.

"அது என்னக்கா?"

"அறுபத்து நாலு."

"ஓ," என்றாள். எடுத்த துணியை மறுபடி கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வலது சுவர் வழியாகக் கேட்டது: "ஏங்க, நமக்கு ஏன் அந்த மாதிரி வாங்கித் தரக் கூடாது?" கணேஸ்வரன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் எப்போதும் மெல்லத்தான் பேசுவார், பெரிய தொந்தரவு.

புது இயந்திரத்தில் சுகுமாறன் வேலையை ஆரம்பித்தார். அம்மனை வைத்தார், நின்றது. ஒய்.பி.யை வைத்தார், வட்டம் சுற்றியது. தலைவர் மீசையைத் துலக்கப் போனார். திரை வெளுத்துப் போய், எல்லாமே மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இதே கதை.

இடது சுவர்: "அறுபத்து நாலு போட்டும் இப்புடின்னா, அவ கணக்கு முப்பத்திரண்டே இல்ல. பொய் சொல்றா. அந்தக்காவ நல்லா ஏமாத்திட்டா."

நான் பட்டைகளை என் கண்ணால் பார்த்தவள். ஆனால் சுவருக்கு யார் பதில் சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை இஸ்கந்தர் கடைக்குத் தனியாகவே போய் இன்னும் அறுபத்து நாலு வாங்கி வந்தார். நாலு இடமும் நிறைந்துவிட்டது, நூற்றிருபத்தெட்டு. அதற்கு மேல் செருக அந்தக் கணினியில் துளை இல்லை. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். எதற்கு என்று எனக்குத் தெரியாதா? வலது பக்கம் போய்ச் சொல்வேன் என்றுதான்.

பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நாலு நிமிடம். சுகுமாறன் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"கண்ணு பட்டிருச்சு," என்றாள் கலாவதி, என்னைப் பார்த்துக்கொண்டே.

"என்னம்மா, என்னய ஏன் பாக்குற?"

"உங்களச் சொல்லலக்கா. பொதுவாச் சொன்னேன்."

உப்பும் மிளகாயும் கையில் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியை மூன்று சுற்று சுற்றினாள். "கண்டவ கண்ணு, அந்தப் பக்கத்து வீட்டுக் கண்ணு, இந்தப் பக்கத்து வீட்டுக் கண்ணு..." இந்தப் பக்கத்து வீடு என்றால் நான்தான். மூன்றாவது சுற்று முடிந்து அவள் அடுப்படிக்குத் திரும்பவும், திரையில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. சுகுமாறன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பிறகு நான் இஸ்கந்தரிடம் விசாரித்தேன்: புது மெமரி நாலு போட்டால் கணினி முதல் தடவை அதையெல்லாம் ஒத்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுக்குமாம், காத்திருந்தால் தானே வருமாம். இதைக் கலாவதியிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

செவ்வாய்க்கிழமை குமுதா பேனர் கோப்பைத் தலைவருக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பியதைச் சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை கேட்டாள். நான் கொடுத்த கொத்தை வாங்கிக்கொண்டு, "அண்ணன் எந்த மட்டுல இருக்காரு?" என்றாள்.

"பதினெட்டாவது தல."

"பாவம்," என்றாள். அதில் பாவம் ரொம்பக் கம்மி.

அனுப்பியது தெரிந்தும் சுகுமாறன் நிறுத்தவில்லை. முதலில் கைக்கு வருவது மட்டும் போதாது, சுத்தமாக வர வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார் அல்லவா? அவள் கோப்பில் ஏதாவது குற்றம் இருக்கும், வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் தன்னுடையது போய்விட்டால் தலைவர் பழைய முகத்தைத்தான் பார்ப்பார் என்று நம்பியிருந்தார். புதன்கிழமை மத்தியானம் இருபத்து மூன்றாவது தலையையும் வைத்துவிட்டு, 'சேவ்' அழுத்தினார். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. புதன்கிழமை முழுக்க அது நகர்ந்தது. வியாழக்கிழமை காலையும் நகர்ந்தது. நான் பத்து மணிக்குப் பார்த்தபோது எழுபத்தொன்பது சதவீதம். கலாவதி யாரையும் அந்த அறையில் மின்விசிறி போடக்கூட விடவில்லை, கரண்டு இழுக்கும் என்று.

வியாழக்கிழமை நாலே முக்காலுக்குக் கோடு காணாமல் போய், ஒரு சின்னக் கட்டம் வந்தது: வட்டில் இடமில்லை, சேமிக்க முடியவில்லை.

இடது சுவரில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் நான் நிம்மதியாக என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை காலை சந்திப்பில் குமுதாவின் பேனர் ஏறியது. தலைவரின் லோரி, இரண்டு ஏணி, கட்டுவதற்கு நாலு பேர், பார்ப்பதற்கு நாற்பது பேர். முப்பது அடியும் விரிந்து நின்றபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மன் அப்படி இருந்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. வலது மூலையில், பொட்டு அளவு எழுத்தில், குமுதா பெயர்.

சுகுமாறனும் வந்திருந்தார். கையில் ஒரு எஃகு ஸ்கேல். யாரிடமும் பேசாமல் ஏணியில் ஏறினார். அம்மன் மூக்குத்திக்கு நேராகத் தன் மூக்கைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அப்புறம் மேலிருந்தே கத்தினார்.

"தலைவரே! வாங்க, மேல வந்து பாருங்க! ஒடஞ்சிருக்கு! அம்மா மூக்கு கட்டங்கட்டமா இருக்கு!"

"கீழேருந்து நல்லாத்தான்யா தெரியுது."

"கீழேருந்து எல்லாமே நல்லாத்தான் தெரியும்! உங்க மீசய வந்து பாருங்க!"

மீசை என்றதும் தலைவரால் இருக்க முடியவில்லை. இரண்டாவது ஏணியில் மூச்சிரைக்க ஏறினார். தன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தார். "அலாமா! என்னது இது, டைல்ஸ் ஒட்டுன மாதிரி இருக்கு!"

கூட்டம் குமுதாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் குடையை மடக்கினாள்.

"தலைவரே, எறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க. கார்ல வர்றவன் ஏணி போட்டு ஏறியா உங்க மீசயப் பாக்கப் போறான்?"

தலைவர் இறங்கினார். இரண்டு கார், ஒரு எண்ணெய் லோரி போகும் வரை காத்திருந்து சாலையைக் கடந்தார். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். அப்புறம் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "மீச மீசையாத்தான் இருக்கு! கட்டுங்கய்யா!"

எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சுகுமாறன் மட்டும் ஏணியிலேயே இருந்தார். ஸ்கேலை அம்மன் கன்னத்தில் வைத்து, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எண்ணினார். இடம் மாற்றி இன்னொரு தடவை எண்ணினார். பிறகு மெதுவாக இறங்கி, குமுதா எதிரில் வந்து நின்றார். அவள் தொழில் தெரிந்த பிறகு அவளிடம் அவர் வாய் திறந்தது அன்றுதான்.

"ஒரு இஞ்சுக்கு அம்பதுதான?"

"அம்பதுதாண்ணே."

"எனக்கு அப்பவே தெரியும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் வீட்டுக்குப் போகிற பழக்கமும் எனக்கு இல்லை. குமுதாவின் முழங்கையைப் பிடித்தேன்.

"ஒரு அங்குலத்துக்கு அம்பது புள்ளிக்கா. தூரத்துல நின்னு பாக்குற பேனருக்கு அது தாராளம். அண்ணன் முந்நூறு போட்டு, முப்பது அடியையும் நெச அளவுலயே தொறந்திருப்பாரு. முந்நூறு கல்யாண அட்டைக்குக்கா. கையில புடிச்சுப் பாக்குறதுக்கு. அவரு கம்ப்யூட்டரு சுமந்தது என்னோடதப் போல முப்பத்தாறு மடங்கு. ரோட்டு அகலத்துக்குத் தோச ஊத்துனா எந்தக் கல்லு தாங்கும்?"

"இத அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

என்னைத்தானே கேட்கச் சொன்னார். நான் எத்தனை ஜிபி என்று கேட்டு வந்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுகுமாறன் தலைவரை லோரி மறைவில் ஓரங்கட்டியிருந்தார். நான் என் செருப்பு வாரைச் சரிசெய்ய அந்தப் பக்கம் போனேன்.

"வர்ற பக்கம் ஒண்ணு இருக்கு தலைவரே. போற பக்கம் மொட்டையா இருக்கே?"

"ரெண்டா?" தலைவர் யோசித்தார். "பக்கத்துத் தோட்டத்துல ஒண்ணுதான வெச்சாங்க?"

"ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டு வெச்சா அவனுங்களுக்கு நல்லா எரியும். எப்பக் குடுப்ப? அடுத்த திருவிழாவுக்கா?"

"இன்னைக்கு சாயந்திரம்," என்றார் சுகுமாறன்.

திறந்தே கிடந்த வேலையை ஐம்பது புள்ளிக்குக் குறைத்து, கொடுத்தும்விட்டார். மறுநாள் காலை கலாவதி வேலிக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நாலு வினாடிக்கா. சேவ் ஆக நாலே வினாடி. மனுசன் நம்பல. ஏழு தடவ சேவ் பண்ணிப் பாத்தாரு. ஏழு தடவயும் நாலு வினாடி." அப்புறம் வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினாள். "பன்னெண்டு வருசமா ரெண்டு ரெண்டு நாளு ஒக்காந்தாரேக்கா. நானும் கோப்பி கோப்பியா கலக்கிக் குடுத்தேனே. சும்மாவா?"

"சும்மா இல்ல. தலைக்கெல்லாம் மால போட்டது யாரு, அவர்தான?" என்றேன். எனக்குச் சமாதானம் சொல்ல வராது.

இந்தச் செய்தியை வலது பக்கம் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம். ஆனால் குமுதாதான் கேட்டாள், பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல்.

"அண்ணனுக்கு சேவ் ஆக எவ்ளோ நேரம் ஆச்சாம்?"

"நாலு வினாடி."

தண்ணீர் பூந்தொட்டி நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. "எனக்குப் பன்னெண்டு ஆகுதே," என்றாள்.

சுகுமாறனின் பேனர் புதன்கிழமை ஏறியது. ஏறிய பிறகும் மனுசனுக்கு நிம்மதி இல்லை. "வர்றவன் பாக்குறதுதான்கா பேனர். போறவன் ஏன் பாக்கப் போறான்? அவன் வீட்டப் பாத்துல்ல போவான்," என்று என்னிடமே இரண்டு தடவை புலம்பினார். சந்திப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்; பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்து மண்சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை குமுதா மீன் வாங்கப் பாசிர் பெனம்பாங் கிளம்பினாள். எனக்கும் இறால் வேண்டியிருந்தது, கூட ஏறிக்கொண்டேன். சந்திப்பில் சிவப்பு விளக்கு. காரை நிறுத்தினாள். எதிரே, முப்பது அடி அகலத்துக்கு, சுகுமாறனின் அம்மன். சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாகத்தான் அடித்தது. வலது மூலையில் அவர் பெயர், தலைவர் பெயரைவிடச் சரியாக ஒரு விரற்கடை சின்னதாக.

எங்களுக்கு முன்னால் ஆறு கார். பக்கத்து வரிசையில் ஏழு. எல்லாக் கண்ணாடிக்குள்ளும் முகங்கள் அண்ணாந்திருந்தன. மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கீழே இருந்த தலைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

குமுதா ஸ்டியரிங்கில் விரலால் தட்டினாள். விளக்கைப் பார்த்தாள். பேனரைப் பார்த்தாள். மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க செவப்பு எவ்ளோ நேரம் எரியும்?"

மூன்று தடவை எண்ணி வைத்திருக்கிறேன். "தொண்ணூத்தஞ்சு வினாடி."

"என் பக்கம்?"

"ஒம் பக்கம் வர்றவங்க அப்படியே இடது பக்கமா திரும்பிப் போயிருவாங்கம்மா. அங்க லைட்டே இல்ல. யாரும் நிக்க மாட்டாங்க."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தான். குமுதா முன்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, அந்த வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவர் இந்நேரம் வீட்ல இருப்பாரா அக்கா?"

"பதினோரு மணி வரைக்கும் இருப்பாரு," என்றேன். இறால் எங்கே போய்விடப் போகிறது?